வளமான கரையோரக் கடல்நீரில் பாக்டீரியாவை எண்ணுவது எப்படி: நீர் எடுப்பதிலிருந்து பரவலைப் படிப்பது வரை

கரையை ஒட்டிய வளமான கடலில் ஒரு மில்லி லிட்டர் நீர் எடுத்தால் அதில் ஏறக்குறைய 10 லட்சம் பாக்டீரியா இருக்கும். தாவர மிதவை உயிரிகள் செழித்துக் கிடக்கும் நாட்களில் அது 30, 40 லட்சம் வரைகூடப் போகும். திறந்த கடலின் மேற்பரப்பில் சில லட்சங்கள். ஆயிரக்கணக்கான மீட்டர் ஆழத்தில் சில பத்தாயிரங்கள்தான். கண்டத்திட்டு என்று நாம் சொல்லும், பொதுவாக 200 மீட்டருக்கு உட்பட்ட ஆழமுள்ள பகுதியை மட்டும் பார்த்தால், இந்த எண் பெரும்பாலும் 5 லட்சத்துக்கும் 30 லட்சத்துக்கும் நடுவே ஆடிக்கொண்டிருக்கும்.

சிக்கல் இங்கேதான். ஓரிடத்தில் 8 லட்சம், இன்னோரிடத்தில் 13 லட்சம் என்ற வித்தியாசத்தை வைத்துத்தான் நாம் பரவலைப் பற்றிப் பேசப்போகிறோம். முறையில் 30 சதவீதப் பிழை புகுந்துவிட்டால், பேசுவதற்கே ஒன்றும் மிஞ்சாது. அதனால் இந்த வழிகாட்டியில் நீர் எடுப்பதற்கும் எண்ணுவதற்கும் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

ஒரு பின்கதை. 1970கள் வரை கடல் பாக்டீரியாவைப் பெரும்பாலும் அகார் தட்டில் வளர்த்துத்தான் எண்ணினார்கள். தட்டில் முளைப்பவை உண்மையில் இருப்பவற்றில் ஒரு சதவீதம்கூட இல்லை. 1977இல் ஹாபி, டேலி, ஜாஸ்பர் மூவரும் பாலிகார்பனேட் ஃபில்டரில் நீரை வடித்து, அக்ரிடைன் ஆரஞ்சு சாயம் ஏற்றி, ஒளிர்வு நுண்ணோக்கியில் நேரடியாக எண்ணும் முறையைச் செம்மைப்படுத்தினார்கள். 1980இல் போர்ட்டரும் ஃபெய்கும் டாபி சாயத்தை அதே வேலைக்குக் கொண்டுவந்தார்கள். கடலின் உணவுச் சங்கிலியில் பாக்டீரியாவுக்குப் பெரிய பங்கு உண்டு என்று 1974இலேயே பொமராய் எழுதியிருந்தார். 1983இல் ஆசாமும் சக ஆய்வாளர்களும் அதற்கு 'நுண்ணுயிர் வளையம்' என்று பெயர் வைத்தார்கள். அந்த வாதம் நின்றதற்கு இந்த எண்களும் ஒரு முக்கியக் காரணம்.

1. எங்கே, எத்தனை ஆழத்தில் எடுப்பது

கரைக்குச் செங்குத்தாக ஒரு கோடு போடுங்கள். கரையருகே மாற்றம் வேகமாக இருக்கும், வெளியே போகப் போகத் தணியும். எனவே நிலையங்களைச் சம தூரத்தில் வைக்காமல், உள்ளே நெருக்கமாகவும் வெளியே அகலமாகவும் வையுங்கள். கரையிலிருந்து முதல் 10 கிலோமீட்டருக்குள் மூன்று நான்கு நிலையங்கள், அப்புறம் 10, 15 கிலோமீட்டருக்கு ஒன்று, கண்டத்திட்டின் விளிம்பைத் தாண்டி ஒன்றாவது. அந்தக் கடைசி நிலையம் வீண்செலவு போலத் தோன்றும், ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க அதுதான் உதவும். ஆற்றுநீர் வந்து கலக்கும் இடம் கோட்டில் குறுக்கிட்டால், அதற்கு உள்ளேயும் வெளியேயும் ஒவ்வொன்று.

ஆழத்தை முன்கூட்டியே '0, 10, 20, 50' என்று முடிவு செய்துவிடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. முதலில் சிடிடி கருவியை இறக்கி வெப்பநிலை, உப்புத்தன்மை, குளோரோபில் ஒளிர்வு மூன்றையும் பாருங்கள். மேலே ஏற்றும்போது நீர்க்குப்பிகளை மூட வேண்டிய ஆழங்களை அந்த வளைவே சொல்லிவிடும்: மேற்பரப்பு, குளோரோபில் உச்சம், வெப்பநிலை சட்டென்று விழும் அடுக்குக்கு மேலும் கீழும், கடலடிக்குச் சில மீட்டர் மேலே. கடைசியானதை விட்டுவிடாதீர்கள். ஆழம் குறைந்த கடலில் அலையும் ஓதமும் அடிச்சேற்றைக் கிளப்பும். அந்தக் கலங்கிய அடுக்கில் எண்ணிக்கை மறுபடி ஏறியிருப்பதைப் பலமுறை பார்க்கலாம்.

ஓதம் வலுவான கரையென்றால் ஒவ்வொரு நிலையத்திலும் அது ஏற்றமா இறக்கமா என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரே இடத்தில் ஆறு மணி நேர இடைவெளியில் நீங்கள் எடுப்பது இரண்டு வெவ்வேறு நீராக இருக்கலாம்.

2. நீர் எடுத்தல்

நிஸ்கின் குப்பி, அதாவது வேண்டிய ஆழத்தில் மூடி நீரைப் பிடித்துவரும் குப்பி, போதும். சிறிய மாதிரிப் புட்டிகளை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஊறவைத்து, நன்றாகக் கழுவிக் காயவைத்திருக்க வேண்டும். நிஸ்கினிலிருந்து பிடிக்கும்போது அதே நீரால் மூன்று முறை அலசிவிட்டு நிரப்புங்கள். கையுறை கட்டாயம். மேற்பரப்பு நீரை வாளியில் எடுப்பதானால் கப்பலின் கழிவுநீர் விழாத பக்கமாக நின்று எடுக்க வேண்டும். இதைச் சொல்ல வேண்டுமா என்று கேட்பீர்கள்; சொல்ல வேண்டியிருக்கிறது.

ஒவ்வொரு ஆழத்துக்கும் குறைந்தது இரண்டு தனித்தனிப் புட்டிகள் வேண்டும். ஒரே புட்டியிலிருந்து இரண்டு ஃபில்டர் செய்வது உங்கள் கைத்திறமையை மட்டும்தான் சோதிக்கும், கடலின் ஏற்ற இறக்கத்தைச் சொல்லாது. ஒரே ஃபில்டரில் இன்னும் பத்து புலங்களை (நுண்ணோக்கியில் ஒரு பார்வையில் தெரியும் பகுதிகளை) எண்ணுவதைவிட, இன்னொரு புட்டி நீரை எண்ணினால்தான் முடிவு உறுதிப்படும்.

3. பதப்படுத்தல்: தள்ளிப்போடாதீர்கள்

புட்டிக்குள் அடைபட்ட கடல்நீர் கடலாக நீடிப்பதில்லை. உள்ளே இருக்கும் கசையுயிரிகள், அதாவது சாட்டை போன்ற இழையால் நீந்தும் ஒற்றைச் செல் உயிரிகள், பாக்டீரியாவைத் தின்றுகொண்டே இருக்கும். மறுபுறம் புட்டியின் சுவரில் ஒட்டிச் சில வகை பாக்டீரியா பெருக ஆரம்பிக்கும். எந்தப் பக்கம் சாய்ந்தாலும் எண் பொய்யாகிவிடும். எனவே எடுத்த சில நிமிடங்களுக்குள் பதப்படுத்திவிடுங்கள்.

நுண்ணோக்கிக்கு என்றால் இறுதிச் செறிவு 2 சதவீத ஃபார்மால்டிஹைடு. கடையில் வரும் ஃபார்மலினில் ஃபார்மால்டிஹைடு சுமார் 37 சதவீதம். ஆகவே 10 மில்லி லிட்டர் நீருக்கு 0.57 மில்லி லிட்டர் ஃபார்மலின். அமிலத்தன்மை நீங்க அதைத் தாங்கல் கரைசலாக்கி, 0.2 மைக்ரோமீட்டர் ஃபில்டரில் வடித்தே பயன்படுத்த வேண்டும். குளுட்டரால்டிஹைடும் நன்றாக வேலை செய்யும், ஆனால் அதற்கே கொஞ்சம் ஒளிர்வு உண்டு; பின்னணி மங்கலாகத் தெரியும். இரண்டுமே நச்சு. காற்றோட்டமான இடத்தில் மட்டும் திறங்கள்.

பதப்படுத்திவிட்டோமே என்று மாதக்கணக்கில் வைத்துவிடாதீர்கள். குளிரில் இருட்டில் வைத்தாலும் வாரங்கள் செல்லச் செல்ல எண்ணிக்கை குறையும்; செல்கள் சிதையும், சுவரில் ஒட்டும். முடிந்தால் கப்பலிலேயே வடித்து, கண்ணாடிச் சில்லாகச் செய்து, மைனஸ் 20 பாகையில் உறையவைத்துவிடுங்கள். அப்படி வைத்த சில்லு நீரைவிட நெடுநாள் தாங்கும்.

4. சாயமும் வடித்தலும்

தேவையானவை: 25 மில்லிமீட்டர் விட்டமும் 0.2 மைக்ரோமீட்டர் துளையும் கொண்ட கறுப்புப் பாலிகார்பனேட் ஃபில்டர், அதற்கு அடியில் வைக்க 0.45 மைக்ரோமீட்டர் செல்லுலோஸ் ஃபில்டர், புனல், வெற்றிடப் பம்பு, டாபி கரைசல்.

கறுப்பு ஏன்? வெள்ளை ஃபில்டரின் ஒளிர்வில் இத்தனூண்டு செல்கள் மறைந்துவிடும். கீழே செல்லுலோஸ் எதற்கு? அது ஈரமாக இருந்தால் உறிஞ்சும் விசை ஃபில்டர் முழுக்கச் சீராகப் பரவும். இல்லையென்றால் செல்கள் திட்டுத் திட்டாகப் படியும். பாலிகார்பனேட்டின் பளபளப்பான பக்கம் மேலே இருக்க வேண்டும். பெட்டியில் ஃபில்டர்களுக்கு இடையே நிறக் காகிதங்கள் வைத்திருப்பார்கள். புதிதாக வருபவர்கள் ஃபில்டரைத் தூக்கி எறிந்துவிட்டு அந்தக் காகிதத்தைப் பொருத்திவிடுவது ஏறக்குறைய ஒரு சடங்கு, நானும் செய்திருக்கிறேன்.

வளமான கரையோர நீர் என்றால் அரை மில்லி லிட்டரிலிருந்து 2 மில்லி லிட்டர் வரை போதும். ஒரு மில்லி லிட்டருக்கும் குறைவாக எடுத்தால், துகளற்ற வடித்த நீரைச் சேர்த்து 2 மில்லி லிட்டருக்கு மேல் கொண்டுவாருங்கள். கொஞ்ச நீரை அப்படியே ஊற்றினால் புனலின் ஒரு பக்கமாக வழிந்து போய்விடும். டாபி இறுதிச் செறிவு மில்லி லிட்டருக்கு 1 முதல் 5 மைக்ரோகிராம். இருட்டில் 5 முதல் 10 நிமிடம். பிறகு பம்பை மெதுவாகத் திறங்கள். 150 மில்லிமீட்டர் பாதரசத்துக்கு மேல் இழுக்க வேண்டாம். நீர் தீர்ந்ததும் உடனே நிறுத்துங்கள்.

கண்ணாடிச் சில்லில் ஒளிராத எண்ணெய் ஒரு சொட்டு, அதன்மேல் ஃபில்டர், மேலே இன்னொரு சொட்டு, மூடுகண்ணாடி. அவ்வளவுதான்.

அப்புறம் பிளாங்க். மாதிரி நீருக்குப் பதில் வடித்த நீர், அதே ஃபார்மலின், அதே சாயம், அதே புனல். ஒவ்வொரு நாளும் ஒன்றாவது செய்யுங்கள், அதுவும் முதலில். ஒருமுறை நான் எல்லா மாதிரிகளையும் முடித்துவிட்டுக் கடைசியில் பிளாங்கைப் பார்த்தேன். சாயக் கரைசலுக்குள் பாக்டீரியா குடித்தனமே நடத்திக்கொண்டிருந்தது. இரண்டு நாள் வேலை குப்பைக்குப் போனது.

5. எண்ணுதல்

100 மடங்கு எண்ணெய் ஆப்ஜெக்டிவ், புற ஊதா ஒளி. டாபி ஏறிய செல்கள் நீலமாக மின்னும். உயிரற்ற துகள்கள் பெரும்பாலும் மஞ்சளாகத் தெரியும். கடல் பாக்டீரியா மிகச் சிறியவை, பெரும்பாலானவை அரை மைக்ரோமீட்டர்கூட இருக்காது. ஆய்வகத்தில் வளர்த்த பாக்டீரியாவைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு முதல் நாளில் பாதி தப்பிவிடும்.

கண்வில்லையில் உள்ள கட்டத்துக்குள் 20 முதல் 50 செல்கள் வருகிற மாதிரி நீரின் அளவைச் சரிசெய்யுங்கள். 10 முதல் 20 புலங்கள், மொத்தம் 400 செல்களாவது. எண்ணுவதன் இயல்பான பிழை எண்ணின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது: 400 செல்லுக்கு 5 சதவீதம், 100 செல்லுக்கு 10 சதவீதம். 400ஐத் தாண்டிக் கண்ணைக் கெடுத்துக்கொள்வதில் பெரிய லாபமில்லை.

புலத்தைத் தேர்ந்தெடுக்கும்போது கண்ணை வில்லையிலிருந்து எடுத்துவிட்டு மேடையை நகர்த்துங்கள். பார்த்துக்கொண்டே நகர்த்தினால் கை தானாக 'நல்ல' இடத்தில் போய் நிற்கும். கட்டத்தின் இரண்டு ஓரங்களைத் தொடும் செல்களைச் சேருங்கள், மற்ற இரண்டு ஓரங்களில் விட்டுவிடுங்கள். டாபி வெளிச்சத்தில் மங்கும். எண்ணிய புலத்துக்குத் திரும்ப வேண்டாம்.

நீங்கள் எண்ணுவது என்ன என்பதில் தெளிவு வேண்டும். டாபி டிஎன்ஏவைப் பிடிக்கிறது. பாக்டீரியா போலவே தோன்றும் ஆர்க்கியா என்ற நுண்ணுயிரும், ஒளிச்சேர்க்கை செய்யும் சயனோபாக்டீரியாவும், அண்மையில் செத்த செல்லும் அதற்கு ஒன்றுதான். வளமான கரையோர நீரில் சினெகோகாக்கஸ் என்ற சயனோபாக்டீரியா மில்லி லிட்டருக்குப் பத்தாயிரத்திலிருந்து லட்சம் வரை இருப்பது சாதாரணம். அதே புலத்தில் ஒளிவடிப்பானை நீலத்துக்கோ பச்சைக்கோ மாற்றிப் பாருங்கள். அவற்றின் நிறமி ஆரஞ்சாக ஒளிரும். தனியாக எண்ணிக் கழித்துவிடலாம். சூடான, சத்துக் குறைந்த வெளிக்கடலில் புரோகுளோரோகாக்கஸ் என்ற இன்னொரு சயனோபாக்டீரியா இன்னும் பெரிய தொல்லை. அதன் ஒளிர்வு மங்கலாக இருப்பதால் நுண்ணோக்கியில் பிரிப்பது கடினம். அங்கே செல்களை ஒவ்வொன்றாக லேசர் முன் ஓட்டி எண்ணும் ஃப்ளோ சைட்டோமீட்டர்தான் கைகொடுக்கும்.

கலங்கிய நீரில் துகளில் ஒட்டிய பாக்டீரியாவைத் தனியாகக் குறியுங்கள். துகளின் அடிப்பக்கத்தில் இருப்பவை தெரியாது என்பதால் அந்த எண் எப்போதும் குறைவாகவே வரும். மெல்லிய ஒலியலை அதிர்வு கொடுத்துப் பிரித்தெடுக்கலாம். மிகையாகக் கொடுத்தால் செல்லே உடையும்.

6. கணக்கு

ஃபில்டரில் செல்கள் படிந்த பரப்பு, புனலின் உள்விட்டத்தைக் கொண்டு கணக்கிடப்படும். 25 மில்லிமீட்டர் விட்டத்தைக் கொண்டு அல்ல. உள்விட்டம் 17 மில்லிமீட்டர் என்றால் பரப்பு 227 சதுர மில்லிமீட்டர். கட்டம் 0.1 மில்லிமீட்டர் பக்கமுள்ள சதுரம் என்றால் 0.01 சதுர மில்லிமீட்டர். ஆக, ஃபில்டரில் 22,700 கட்டங்கள்.

சராசரியாக ஒரு கட்டத்தில் 32 செல், பிளாங்கில் 1 என்று வைத்துக்கொள்வோம். 31ஐ 22,700ஆல் பெருக்கினால் 7,03,700. வடித்தது அரை மில்லி லிட்டர். எனவே மில்லி லிட்டருக்கு 14,07,400. ஃபார்மலின் சேர்த்ததில் நீர் சற்று நீர்த்துப்போனதே, அதற்கு 1.057ஆல் பெருக்க வேண்டும்: சுமார் 14.9 லட்சம். 15 லட்சம் என்று எழுதுங்கள். ஏழு இலக்கமும் எழுதி நுட்பம் காட்ட வேண்டாம்.

முழு ஆழத்துக்கும் கூட்டிச் சொல்வது பயனுள்ளது. உதாரணத்துக்கு, மேற்பரப்பில் 15 லட்சம், 10 மீட்டரில் 18, 25 மீட்டரில் 9, கடலடிக்கு அருகே 50 மீட்டரில் 6 லட்சம். அடுத்தடுத்த இரண்டு ஆழங்களின் சராசரியை இடைத்தூரத்தால் பெருக்கிக் கூட்டினால் ஒரு சதுர மீட்டருக்குக் கீழே 55.5 லட்சம் கோடி செல்கள். அதை 50 மீட்டரால் வகுத்தால் மில்லி லிட்டருக்குச் சராசரி 11 லட்சம். மேற்பரப்பை மட்டும் பார்த்தவர் 15 என்று சொல்லியிருப்பார்.

கார்பனாக மாற்ற, ஒரு செல்லுக்கு 20 ஃபெம்டோகிராம் (ஒரு ஃபெம்டோகிராம் என்பது மைக்ரோகிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு) என்பது வெகுகாலமாகப் புழங்கும் எண். 15 லட்சம் செல் என்றால் லிட்டருக்கு 30 மைக்ரோகிராம் கார்பன். ஆனால் வெளிக்கடல் செல்லுக்கு 12, கரையோரச் செல்லுக்கு 30 என்றும் அளவுகள் வந்திருக்கின்றன. அதே 15 லட்சம் 18 மைக்ரோகிராமாகவும் ஆகும், 45 ஆகவும் ஆகும். அதனால் செல் எண்ணிக்கையைக் கட்டாயம் கொடுத்துவிட்டு, கார்பனைப் பக்கத்தில் எந்த எண்ணால் பெருக்கினீர்கள் என்ற குறிப்புடன் எழுதுங்கள்.

7. ஃப்ளோ சைட்டோமீட்டர் இருந்தால்

வேலை வேகமாகும். குளுட்டரால்டிஹைடில் பதப்படுத்தி, திரவ நைட்ரஜனில் சட்டென்று உறையவைத்து, மைனஸ் 80 பாகையில் வையுங்கள். ஆய்வகத்தில் சைபர் கிரீன் சாயமேற்றி 488 நானோமீட்டர் லேசரில் ஓட்டலாம். நொடிக்கு ஆயிரம் நிகழ்வுகளுக்கு மேல் போனால் இரண்டு செல்கள் சேர்ந்து ஒன்றாகப் பதிவாகும், நீர்த்துக்கொள்ளுங்கள். திரையில் டிஎன்ஏ அதிகமுள்ள கூட்டம், குறைந்த கூட்டம் என்று இரண்டு தெரியும். முதலாவது சுறுசுறுப்பானது, இரண்டாவது தூங்குகிறது என்று முன்பு எளிதாகச் சொல்லிவிட்டார்கள். அது அத்தனை நேரானதல்ல. உடல் சிறுத்தாலும் மும்முரமாக வளரும் வகைகள் உண்டு. புதிதாக ஆரம்பிக்கும் குழு முதல் சில மாதிரிகளையாவது நுண்ணோக்கியிலும் எண்ணி ஒப்பிட வேண்டும்.

8. பரவலைப் படிப்பது

பொதுவான போக்கு எளிது: கரையருகே அதிகம், வெளியே குறைவு, மேலே அதிகம், வெப்பநிலை விழும் அடுக்குக்குக் கீழே குறைவு. ஆற்றுநீர்ப் படலத்தில் கூடும். இரண்டு நீர்கள் முட்டும் எல்லையில் பல நேரம் ஒரு மேடு தெரியும். இதையெல்லாம் வரைபடத்தில் போட்டுவிட்டால் அறிக்கை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள்.

மேலெழுச்சிக் கடல்களைப் பாருங்கள். பெரு, பெங்குவேலா, கலிஃபோர்னியா போன்ற கரைகளில் காற்று மேற்பரப்பு நீரை வெளியே தள்ள, கீழிருந்து சத்து மிகுந்த குளிர்ந்த நீர் மேலே வருகிறது. மீனும் மிதவை உயிரியும் செழிக்கும் இடம் இது, பாக்டீரியாவும் குவிந்திருக்கும் என்று எதிர்பார்ப்போம். ஆனால் இப்போதுதான் மேலே வந்த நீரில் பாக்டீரியா குறைவு. அது ஆழத்து நீர். நைட்ரேட் நிறைய இருக்கும், எளிதில் தின்னக்கூடிய கரிமப்பொருள் இருக்காது. அந்த நீர் வெளிச்சத்தில் கிடந்து, தாவர மிதவை உயிரிகள் பெருகி, அவை கசியவிடும் பொருளும், அவற்றைத் தின்பவை சிந்தும் பொருளும் சேர்ந்த பிறகுதான் பாக்டீரியா ஏறும். அதற்குச் சில நாட்கள் ஆகும். அதற்குள் நீரும் நகர்ந்துவிடும். ஆக, நைட்ரேட் உச்சம் ஓரிடம், குளோரோபில் உச்சம் கொஞ்சம் தள்ளி, பாக்டீரியா உச்சம் அதற்கும் தள்ளி. ஒரே நாளில் எடுத்த வரைபடத்தில் குளோரோபிலுக்கும் பாக்டீரியாவுக்கும் தொடர்பே இல்லாததுபோலத் தெரிந்தால், முறையைச் சந்தேகிக்கும் முன் நீரின் வயதைப் பாருங்கள். வெப்பநிலையும் உப்புத்தன்மையும் அதைச் சொல்லும்.

பெரிய அளவில் பார்த்தால் தொடர்பு உண்டு. குளோரோபில் கூடினால் பாக்டீரியாவும் கூடும், ஆனால் அதே வேகத்தில் அல்ல; குளோரோபில் பத்து மடங்கானாலும் பாக்டீரியா அதற்கு வெகுவாகக் குறைந்த மடங்கில்தான் ஏறும்.

ஏன்? ஒரு தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே குழாய் திறந்திருக்கிறது, கீழே ஓட்டையும் இருக்கிறது. நாம் அளப்பது நீர்மட்டத்தை. பாக்டீரியா பெருகப் பெருக, அவற்றைத் தின்னும் சிறிய கசையுயிரிகளும் பெருகும். வைரஸ்களோ ஒரு பாக்டீரியாவுக்குப் பத்து என்ற கணக்கில் ஏற்கெனவே காத்திருக்கின்றன. கரையோர நீரில் மில்லி லிட்டருக்குக் கோடியைத் தொடும். உற்பத்தி மூன்று மடங்காகியும் மட்டம் கொஞ்சமே ஏறியிருக்கலாம். ஆகவே '10 லட்சம்' என்ற எண் இரண்டு வேறு கதைகளைச் சொல்ல முடியும்: மந்தமாக வளர்ந்து மந்தமாகத் தின்னப்படும் நீர், அல்லது நாளுக்கு ஒரு முறையோ அதற்கு மேலோ முழுதாகப் புதுப்பிக்கப்படும் நீர்.

இனங்களும் மாறும், எண் மாறாமலே. 1990இல் முதலில் அடையாளம் காணப்பட்ட சார்11 என்ற பாக்டீரியாக் கூட்டம், பல கடல்களின் மேற்பரப்பில் மொத்தச் செல்களில் கால் பங்கு அளவுக்கு இருக்கிறது. சத்துக் குறைந்த நீரிலும் தாக்குப்பிடிக்கும். தாவர மிதவை உயிரிகள் பெருகி மடியும்போது ஃப்ளேவோபாக்டீரியாவும் ரோசியோபாக்டர் கூட்டமும் முன்னுக்கு வரும்.

அதனால் எண்ணிக்கையோடு இன்னும் நான்கு அளவுகளைச் சேர்த்து எடுங்கள்: குளோரோபில், லியூசின் அல்லது தைமிடினைப் பாக்டீரியா எவ்வளவு உள்ளே எடுக்கிறது என்பதன் வழியாக அவற்றின் உற்பத்தி, கசையுயிரி எண்ணிக்கை, கரைந்த கரிம கார்பன். எல்லாவற்றுக்கும் வசதியில்லை என்றால் உற்பத்தி ஒன்றையாவது. உயிர்த்திரளை (பாக்டீரியாவின் மொத்தக் கார்பனை) ஒரு நாள் உற்பத்தியால் வகுத்தால் அந்த நீரின் பாக்டீரியா எத்தனை நாளுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது என்பது தெரிந்துவிடும். கசையுயிரியை எண்ணத் தனி நீர்கூட எடுக்க வேண்டாம். அதே பதப்படுத்திய புட்டியிலிருந்து 10, 20 மில்லி லிட்டரை 0.8 மைக்ரோமீட்டர் கறுப்பு ஃபில்டரில் வடித்து, அதே டாபியில் பார்க்கலாம். புட்டியைக் கொட்டிவிடுவதற்கு முன் அதைச் செய்துவிடுங்கள்.